நவ்ரோஸ் கான் மலையிலிருந்து இறங்கியதை 'சரணடைந்தார்' என்று எழுதலாமா? (கலாத், 1958–60)

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். பாகிஸ்தானின் பலூசிஸ்தானில், கலாத் பகுதியில் 1958இல் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த நவாப் நவ்ரோஸ் கான் பற்றி ஒரு சிற்றிதழுக்கு 1500 சொல் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்தவை ஒன்றுக்கொன்று மோதுகின்றன. ஒரு பக்கம் அவரைத் தனிநாடு கேட்ட பிரிவினைவாதி என்கிறது. இன்னொரு பக்கம், சலுகை பறிபோன கோபத்தில் துப்பாக்கி தூக்கிய பழங்காலத்து சர்தார் (குலத்தலைவர்) என்கிறது.

நான் சிக்கி நிற்கும் இடங்கள் இவை. எண்பதைத் தாண்டிய ஒரு கிழவர் மலையேறும் அளவுக்கு 1958இல் என்ன நடந்தது? குர்ஆன் மீது சத்தியம் செய்து இறக்கினார்கள் என்பதை நேரான செய்தியாக எழுதலாமா? அவருடைய ஸெஹ்ரி குலத்தார் பலூச்சியரா, பிராகுயியரா? பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செப்பேடு பதில்:

தோழர், முதல் கேள்விக்குப் பதில் 1958இல் இல்லை, 1955இல் இருக்கிறது. கட்டுரையை அக்டோபர் 1958இலிருந்து தொடங்கினால் கிழவர் திடீரென்று வெறி பிடித்து மலையேறியதுபோல்தான் தெரியும்.

கலாத் ஒரு மாவட்டமாக இருந்ததில்லை. பிரிட்டிஷாரோடு 1876இல் தனி ஒப்பந்தம் போட்ட நாடு அது; அதன் அரசருக்குக் 'கான்' என்று பட்டம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கான் மீர் அகமது யார் கான் கலாத் சுதந்திர நாடு என்று அறிவித்தார். அதற்கு இரண்டு அவைகளும் இருந்தன. பாகிஸ்தானோடு இணைவதைக் கீழவை ஏற்கவில்லை. 1948 மார்ச்சில் பாகிஸ்தான் அரசு (அன்று தலைநகர் கராச்சி), கலாத்துக்குக் கட்டுப்பட்டவை என்று கான் உரிமை கோரிய கரான், லாஸ் பேலா, மக்ரான் மூன்றையும் நேரடியாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கடற்கரை போய்விட்டது. நாலு பக்கமும் அடைபட்ட கான், மார்ச் 27இல் இணைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகும் 1952 முதல் 1955 வரை 'பலூசிஸ்தான் சமஸ்தானங்களின் ஒன்றியம்' என்று ஒரு அரைகுறைத் தனித்தன்மை இருந்தது. 1955 அக்டோபர் 14இல் 'ஒரே அலகு' திட்டம் வந்து அதையும் கரைத்துவிட்டது. பஞ்சாப், சிந்து, எல்லைப்புற மாகாணம், பலூச் பகுதிகள் எல்லாம் சேர்ந்து 'மேற்குப் பாகிஸ்தான்' என்ற ஒரே மாகாணம், தலைநகர் லாகூர். மக்கள்தொகையில் பெரிய கிழக்கு வங்காளத்துக்குச் சமமாக மேற்கை ஒரே கட்டியாக்கிக் காட்டுவதுதான் நோக்கம். பலூச்சியரைக் குறிவைத்துப் போட்ட திட்டம் இல்லை அது, ஆனாலும் அதில் ஆழமாக நசுங்கியவர்கள் அவர்கள். முடிவெடுக்கும் இடம் லாகூருக்குப் போனது.

இப்போது 1958க்கு வாருங்கள். பழைய கலாத்தை மீட்க வேண்டும் என்று கானும் சர்தார்களும் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். குடியரசுத் தலைவர் இஸ்கந்தர் மிர்சாவே அந்த ஆசையைத் தூண்டிவிட்டார், தேர்தல் செலவுக்குப் பணமும் கேட்டார் என்று கான் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அரசுத் தரப்போ, கான் பிரிந்து போகச் சதி செய்தார் என்றது. அக்டோபர் 6 அன்று ராணுவம் கலாத்துக்குள் புகுந்து கானைக் கைது செய்தது. மறுநாள் இரவு மிர்சா அரசியல் சட்டத்தை ரத்து செய்து நாடு முழுக்க ராணுவச் சட்டம் போட்டார். அக்டோபர் 27இல் ராணுவத் தளபதி அயூப் கான் மிர்சாவையே வெளியேற்றினார். இந்த மூன்று தேதிகளையும் ஒரே பத்தியில் வையுங்கள். கலாத் நடவடிக்கை ராணுவ ஆட்சிக்கு முன்னுரையாகப் பயன்பட்டது என்ற வாதம் எங்கிருந்து வருகிறது என்று வாசகருக்குத் தானாகப் புரியும்.

அடுத்து, ஆயுதங்களைக் கொண்டுவந்து காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். அந்த நிலத்தில் ஒரு ஆண்மகனிடமிருந்து துப்பாக்கியை வாங்குவது அவன் தலைப்பாகையை ஊரறியக் கழற்றுவதற்குச் சமம். கலாத்துக்குத் தெற்கே இருக்கும் ஜலாவானில் பலர் மறுத்தார்கள். நவ்ரோஸ் கான் ஆட்களோடு மலையேறினார்.

அவர் கேட்டது என்ன என்பதை அழுத்தி எழுதுங்கள். கானை விடுதலை செய்து பழைய நிலையில் வை, ஒரே அலகைக் கலை, எங்கள் வழக்கங்களில் கை வைக்காதே. அவ்வளவுதான். இதில் தனிநாடு எங்கே இருக்கிறது? இருந்த ஒன்றைத் திருப்பிக் கேட்ட கிளர்ச்சி இது. ஒரே அலகை 1970 ஜூலை 1இல் அரசே கலைத்து பலூசிஸ்தான் மாகாணத்தை உருவாக்கியது. எதைக் கேட்டதற்காக 1960இல் ஏழு பேரைத் தூக்கிலிட்டார்களோ, அதில் முக்கியமான ஒன்றைப் பத்து வருடத்தில் அரசு தன் கையாலேயே செய்தது. இந்த ஒரு வரியைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள்.

---

மலைப்பாதை பதில்:

செப்பேடு சொன்னது கோட்டை, தலைநகர்ப் பக்கம். சண்டை நடந்த நிலத்தையும் கொஞ்சம் பாருங்கள். அது தெரியாமல் 'மீர் காட் மலைகளில் பதுங்கினார்' என்று எழுதினால் அது வெறும் ஊர்ப்பெயராக நின்றுவிடும்.

சராவான் என்றால் மேலே, அதாவது வடக்கே இருப்பவர்கள்; ஜலாவான் என்றால் கீழே, அதாவது தெற்கே இருப்பவர்கள். கலாத் நகரம் நடுவில். கானின் தர்பாரில் சராவான் சர்தார்கள் வலப்பக்கமும் ஜலாவான் சர்தார்கள் இடப்பக்கமும் உட்காருவார்கள். சராவானுக்கு ரெய்சானி தலைமை, ஜலாவானுக்கு ஸெஹ்ரியின் ஸரக்ஸயி குடும்பம் தலைமை. நவ்ரோஸ் கான் அந்தக் குடும்பத்தவர். இன்றைய வரைபடத்தில் தேடுவதானால் குஸ்தார் மாவட்டம். குவெட்டாவிலிருந்து கராச்சி போகும் நெடுஞ்சாலையில் மஸ்துங், கலாத், சுராப் தாண்டி குஸ்தார் வரும், அதற்கும் தெற்கே வத். அஞ்சீரா பக்கத்திலிருந்து மூலா கணவாய் கிழக்கே கச்சி சமவெளிக்கு இறங்குகிறது.

அந்த மூலா கணவாய்தான் விஷயம். ஜலாவான் மேட்டில் குளிர்காலம் கடுமை. மழை வருடத்துக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் மேய்ச்சல் குடும்பங்கள் குளிர் தொடங்கியதும் ஆடு, ஒட்டகம், கூடாரம் எல்லாவற்றோடும் கச்சிக்கு இறங்கி, வெயில் ஏறும்போது திரும்பி வரும். அறுவடைக் கூலியாகத் தானியமும் அங்கேதான் கிடைக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். அக்டோபரில் கிளர்ச்சி தொடங்குகிறது. அதாவது குடும்பங்கள் இறங்க வேண்டிய மாதத்தில். ராணுவம் கணவாய் வாயிலையும் ஊற்றுகளையும் பிடித்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு குன்றாக ஏறவேண்டிய அவசியமே இல்லை.

மலையில் இருப்பவனுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். தண்ணீருக்கு ஆட்டுத்தோல் பை. காலுக்கு 'சவாஸ்', அதாவது பீஷ் என்ற குட்டைப் பனையின் ஓலையில் முடைந்த செருப்பு; கல்லில் வழுக்காது, சில நாளில் தேய்ந்துவிடும், ஆனால் பள்ளத்தாக்கில் பீஷ் இருக்கும்வரை புதிதாக முடைந்துகொள்ளலாம். சாப்பாட்டுக்கு 'காக்': உருண்டைக் கல்லை நெருப்பில் நன்றாகச் சூடாக்கி, பிசைந்த மாவை அதைச் சுற்றி அப்பி, தணலோரம் வைத்துச் சுடுவார்கள். வெளிப்புறம் தணலில் வேகும், உட்புறம் கல்லின் சூட்டில் வேகும். சட்டி, தவா எதுவும் தூக்க வேண்டாம். கூடவே 'ஷிலாஞ்ச்' என்ற காய்ந்த தயிர்க்கட்டி. இவ்வளவும் நிலமே கொடுக்கும்.

நிலம் கொடுக்காதவை மூன்று: மாவு, தோட்டா, பிடிபட்ட குடும்பத்துக்குப் பாதுகாப்பு. போல்ட் இழுத்துச் சுடும் பழைய ரைஃபிள்களுக்கு ஒவ்வொரு தோட்டாவும் காசு கொடுத்து வாங்கியது. எதிரே பீரங்கி இருந்தது. விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள் என்றும் பலூச் தரப்புப் பதிவுகள் சொல்கின்றன. சில நூறு பேர் கொண்ட படை இந்த நிலையில் ஒரு குளிர்காலத்தைத் தாண்டி நின்றதே பெரிது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், 'ராணுவம் கிளர்ச்சியை அடக்கியது' என்ற ஒற்றை வரியையும் நம்பவேண்டாம், 'வெல்லவே முடியாத வீரர்கள், ஏமாற்றி மட்டுமே பிடித்தார்கள்' என்ற வரியையும் அப்படியே எடுக்கவேண்டாம். மலையில் அவர்களைத் தேடிப் பிடிப்பது ராணுவத்துக்குக் கடினமாக இருந்தது. மலையில் அடுத்த குளிர்காலத்தைக் கழிப்பது அவர்களுக்கும் கடினமாக இருந்தது. பேச்சுவார்த்தைக்கு இரண்டு பக்கமும் தேவை இருந்தது.

---

எழுத்தாணி பதில்:

சத்தியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எது உறுதி, எது ஒரு தரப்பின் சாட்சியம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை நடந்தது, நவ்ரோஸ் கான் ஆட்களோடு இறங்கி வந்தார், வந்ததும் கைதானார் என்பவை உறுதி. பெரும்பாலான பதிவுகள் அதை 1959 மே மாதத்தில் வைக்கின்றன. 1960 தொடக்கம் என்று சொல்லும் நூலும் உண்டு, இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ராணுவ நீதிமன்ற விசாரணை, தேசத்துரோகக் குற்றச்சாட்டு, மரண தண்டனை, 1960 ஜூலையில் சிந்துவின் ஹைதராபாத், சுக்கூர் சிறைகளில் ஏழு பேர் தூக்கு, அவர்களில் ஒருவர் அவருடைய மகன் பட்டே கான் — இவையும் நிலைபெற்றவை. நவ்ரோஸ் கானுக்கு மட்டும் வயதைக் காரணம் காட்டி ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். சில ஆண்டுகளில், தொண்ணூறை ஒட்டிய வயதில், சிறையிலேயே இறந்தார்.

சத்தியம் பலூச் தரப்பின் சாட்சியம். அரசின் பிரதிநிதிகள் குர்ஆனைக் கொண்டுவந்து, பாதுகாப்பாகத் திரும்பலாம், கோரிக்கைகள் ஏற்கப்படும் என்று வாக்குக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் சொல்வது. அவருடைய குலத்துப் பெரியவர்களே நடுவில் நின்றார்கள் என்றும் சொல்கிறார்கள். அப்படி எந்த வாக்குறுதியும் தரப்படவில்லை என்பது அரசுத் தரப்பு. ஆகவே 'சத்தியம் செய்தார்கள்' என்று வெறுமனே முடிக்காமல், 'சத்தியம் செய்து இறக்கினார்கள் என்பது பலூச் மக்களின் ஒருமித்த நினைவு' என்று எழுதுங்கள். வலிமை குறையாது, பொய்யும் ஆகாது. 1948இல் கானின் தம்பி இளவரசர் அப்துல் கரீம் ஆப்கன் எல்லையிலிருந்து திரும்பியபோதும் இதே மாதிரி வாக்கு கொடுத்து, பிறகு பிடித்து, பத்தாண்டு சிறை கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. பத்தே வருடத்தில் இரண்டாவது முறை என்பதால்தான் இந்த நினைவு அவ்வளவு கனமாக இருக்கிறது.

குர்ஆன் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் வாசகருக்குச் சொல்லவேண்டும். மதப்பற்று மட்டும் இல்லை அது. பலூச் வழக்கத்தில் இரத்தப் பகையை முடிப்பதற்கு நடைமுறை உண்டு. குற்றம் செய்த தரப்பு பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு எதிராளியின் வாசலுக்குப் போகும், பல நேரம் குர்ஆனை முன்னால் ஏந்திக்கொண்டு, சில நேரம் பெண்களையும் அழைத்துக்கொண்டு. அப்படி வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது இழுக்கு. கொலைப்பழி இருந்தாலும் பேச உட்கார வேண்டும். அடைக்கலம் என்று வந்தவனுக்கு 'பாஹோட்' என்று பெயர். அவனைக் காட்டிக்கொடுத்தவன் தலைமுறைக்கும் தலைநிமிர முடியாது. இந்த முறையில் வளர்ந்த எண்பது வயதுக்காரர் முன்னால் குர்ஆன் வைக்கப்பட்டால், அவர் மறுத்தால்தான் வழக்கத்தை மீறியவர் ஆவார். இறங்கியதால் அல்ல.

எதிரே இருந்ததோ ராணுவச் சட்டம். அங்கே எழுத்தில் இல்லாத மன்னிப்பு மன்னிப்பே இல்லை. மலையில் வாக்குக் கொடுத்த அதிகாரி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துபவர் இல்லை. வாக்குக் கொடுத்தவர் உண்மையாகவே நம்பிக் கொடுத்திருந்தாலும் மேலே இருப்பவர் அதற்குக் கட்டுப்பட்டவர் இல்லை. பேசியவர் யார், முடிவெடுப்பவர் யார் என்ற இந்த இடைவெளியில்தான் ஏழு உயிர் போனது. ஆகவே உங்கள் தலைப்புக் கேள்விக்கு என் பதில்: 'சரணடைந்தார்' என்று எழுதாதீர்கள். அது நீதிமன்றத்தின் சொல். 'பேச்சுக்கு இறங்கி வந்தார், கைது செய்யப்பட்டார்' என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

இன்னொன்று. தூக்கிலிட்ட உடல்களை அடையாளம் காட்ட அவரை அழைத்தபோது, மகனின் சாய்ந்திருந்த மீசையை மேல்நோக்கி முறுக்கிவிட்டார் என்ற கதையை எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். நெஞ்சை உலுக்கும் கதைதான். வாய்வழக்கு என்று சொல்லிவிட்டு எழுதுங்கள், அவர் பேசியதாக வசனம் எதையும் சேர்க்கவேண்டாம்.

---

வைகைக்கரை:

மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு முரண் மட்டும் உறுத்துகிறது. 'வழக்கங்களில் கை வைக்காதே' என்ற கோரிக்கையில் சர்தார்களின் சலுகையும் அடங்கும் இல்லையா? அதைத் தொடாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடாதா?

---

செப்பேடு பதில்:

அடங்கும். தொடாமல் விடவே கூடாது. ஆனால் அந்தச் சலுகை எங்கிருந்து வந்தது என்றும் சேர்த்து எழுதுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் சாண்டிமன் போட்ட ஏற்பாடு அது: சர்தாருக்கு மாதப்படி, அவர் கீழ் லெவி காவலர்கள், வழக்குகளுக்கு ஜிர்கா என்ற பெரியவர்கள் பஞ்சாயத்து, மேலே 1901இன் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம். அதுவரை குலத்தாரின் சம்மதத்தில் நின்ற சர்தார், அதன்பின் அரசாங்கப் படியில் நிற்பவரானார். பாகிஸ்தான் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒத்துப்போகும் சர்தாருக்கு எல்லாம் நடந்தது, ஒத்துப்போகாதவருக்கு மட்டும் 'பிற்போக்குத் தலைவர்' என்ற பட்டம் கிடைத்தது. சலுகைதான் காரணம் என்றால், அந்தக் கிழவர் சும்மா இருந்திருந்தாலே படி வந்துகொண்டிருக்கும். மகனைத் தூக்குமேடைக்கு அனுப்பும் பாதையில் இறங்கியிருக்க வேண்டாம்.

அதோடு, கிளர்ச்சியின் வடிவம் அவரோடு மாறிப்போனதையும் இரண்டு வரி தொடுங்கள். கான் 1962இல் விடுதலையாகிப் பட்டத்தைத் திரும்பப் பெற்றார், ஆனால் மலை அமைதியாகவில்லை. ராணுவம் உட்பகுதிகளில் புதிய முகாம்கள் போடத் தொடங்கியதும் ஷேர் முகம்மது மரீ 'பராரி' என்ற பெயரில் நிரந்தரக் கெரில்லா அமைப்பைக் கட்டினார். 1963 ஜூலையில் அவர்களுக்கு 22 தளங்கள், வடக்கே மரீ பகுதி முதல் தெற்கே ஜலாவான் வரை. நவ்ரோஸ் கான் கானுக்காக எழுந்தார். பராரிகள் இடதுசாரி அரசியல் பேசினார்கள். குர்ஆனோடு வந்து பேசினால் இறங்கிவிடும் தலைமுறை முடிந்துபோயிருந்தது.

---

மொழிக்காடு பதில்:

மொழிக் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

ஸெஹ்ரி பகுதியில் வீட்டுமொழி பெரும்பாலும் பிராகுயி. நம் திராவிடக் குடும்பத்து மொழி. கண்ணுக்கு 'கன்', கல்லுக்கு 'கல்' (இரண்டிலும் க தொண்டையில் உரசும்), வாய்க்கு 'பா', நீருக்கு 'தீர்', பாலுக்கு 'பால்ஹ்'. எண்களில் அசித், இரத், முசித் என்று மூன்று வரைதான் சொந்தச் சொல், நான்கிலிருந்து 'சார்', 'பஞ்ச்' என்று வடமேற்கு மொழிகளின் கடன். 2023 கணக்கெடுப்பில் பாகிஸ்தானில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் இதைத் தாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். கலாத் கான்களின் குடும்பமும் பிராகுயி வழிதான்.

ஆனால் இதை வைத்து 'நம் தூரத்து உறவினர் நடத்திய கிளர்ச்சி' என்று எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மொழி திராவிடம், அரசியல் அடையாளம் பலூச். நவ்ரோஸ் கான் பலூச்சியராகத்தான் எழுந்தார், பலூச்சியராகத்தான் நினைக்கப்படுகிறார். அங்கே ஒரே வீட்டில் இரண்டு மொழியும் புழங்கும். பிராகுயி பேசுபவரைப் பலூச்சியரிடமிருந்து பிரித்துக் காட்டும் பேச்சுக்கு அங்கே தனி அரசியல் நோக்கம் உண்டு. ஒரு வாக்கியத்தில் மொழித் தொடர்பைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

எழுத்துக்கு: நவ்ரோஸ், ஸெஹ்ரி, ஸரக்ஸயி, குஸ்தார், ஜலாவான், சராவான், கலாத். ஒரு முறை எடுத்த எழுத்தைக் கடைசிவரை மாற்றாதீர்கள். 'கான்' என்று தனியாக எழுதினால் அகமது யார் கானா, நவ்ரோஸ் கானா, அயூப் கானா என்று வாசகர் தடுமாறுவார். முன்னவரைக் 'கலாத் கான்' என்றே எழுதுங்கள், மற்ற இருவரையும் முழுப்பெயரில்.

வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. ஹைதராபாத் என்றதும் நம் வாசகர் தக்காணத்துக்குப் போய்விடுவார், முதல் இடத்திலேயே 'சிந்து மாகாணத்து ஹைதராபாத்' என்று போடுங்கள். சராவான் என்ற பெயரில் ஈரான் பக்கத்துப் பலூசிஸ்தானிலும் ஒரு ஊர் இருக்கிறது, அது வேறு. அதே ஈரான் பக்கம் தாத் ஷா என்ற இன்னொரு பலூச் கிளர்ச்சியாளர் இருந்தார். 1957 மார்ச்சில் அமெரிக்க உதவித் திட்ட அதிகாரிகள் கொல்லப்பட்ட சம்பவத்தால் உலகச் செய்தியானவர், 1958 ஜனவரியில் ஈரான் மன்னரின் படைகளோடு நடந்த மோதலில் இறந்தார். நவ்ரோஸ் கான் மலையேறுவதற்கு ஒன்பது மாதம் முன்பு. காலம் அவ்வளவு நெருக்கம் என்பதால் இருவரையும் ஒரே இயக்கம் என்று இணைத்து எழுதுபவர்கள் உண்டு. நாடு வேறு, எதிர்த்த அரசு வேறு, கோரிக்கையும் வேறு.

கட்டுரையோடு வரைபடம் போடுவதாக இருந்தால் குவெட்டா, கலாத், குஸ்தார், மூலா கணவாய், கச்சி சமவெளி, சுக்கூர், சிந்து ஹைதராபாத் ஆகிய ஏழு மட்டும் குறித்தால் போதும். மாகாண எல்லையாக இன்றைய கோட்டைப் போடாதீர்கள். 1958இல் அப்படி ஒரு மாகாணமே இல்லை.